'ப'வைப் பெட்டியாக்கும் வேலை: கராஜில் ஒரு ஹாட் ராட்

பிளம்பர் வேலை முடித்துப் போன பிறகு மொட்டைமாடியில் எப்போதும் ஒன்றிரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள் கிடக்கும். ஒரு முழ நீளத்தில் ஒன்றை எடுத்து, இரு முனைகளையும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கிப் பாருங்கள். அசைந்து கொடுக்காது. இப்போது ரம்பத்தால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுங்கள். இரண்டாகப் பிளக்க வேண்டாம், ஒரு பக்கம் வாய் திறந்தால் போதும். மறுபடியும் முறுக்குங்கள். வாழைநார்போலக் குழைந்து வரும். அதே பிளாஸ்டிக், அதே தடிமன். ரம்பம் தின்ற தூளைத் தவிர எடையில்கூட மாற்றமில்லை. முதல் தடவை செய்து பார்த்தபோது ஏதோ ஏமாற்று வித்தை என்றே எனக்குத் தோன்றியது.

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு காரை வீட்டுக் கராஜில் பிரித்துப் போட்டு, வேகத்துக்காக மாற்றிக் கட்டி 'ஹாட் ராட்' ஆக்குகிறவர்கள் முதலில் கைவைக்கும் பெரிய வேலை, இந்த அறுந்த குழாயின் வாயைத் திரும்ப மூடுவதுதான். எஞ்சினெல்லாம் அப்புறம்.

ஹாட் ராட் பிறந்த இடம் தென் கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவே பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ், ஹார்ப்பர் என்று வறண்ட ஏரிப் படுகைகள் உண்டு. மழைக்காலத்தில் நாலு விரற்கடை தண்ணீர் தேங்கும். காற்று அந்தத் தண்ணீரை இங்குமங்கும் தள்ள, களிமண் தரை தானாகவே மெழுகிவிட்டதுபோல மட்டமாகும். வெயில் வந்ததும் காய்ந்து கெட்டிப்படும். ஆண்டுதோறும் இயற்கையே போட்டுத் தரும் பந்தயச் சாலை அது. 1930களில் கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டு, முன்கண்ணாடி, பம்பர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு அங்கே வேகம் பார்த்தார்கள். 1937-ல் அவர்களுடைய மன்றங்கள் சேர்ந்து தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனை அமைத்தன. மியூராக்கைப் பிற்பாடு ராணுவம் எடுத்துக்கொண்டது. 1981-ல் கொலம்பியா விண்ணோடம் தன் முதல் பயணத்தை முடித்து இறங்கியது அதே களிமண்ணில்தான். பையன்களின் தரைத் தேர்வு சோடை போகவில்லை.

அவர்கள் ஏன் கழற்றி எறிந்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. புறப்படும்போது காரை இழுத்துப் பிடிப்பது எடை. ஓடத் தொடங்கியபின் இழுத்துப் பிடிப்பது காற்று. காற்றை வெல்லத் தேவைப்படும் குதிரைத்திறன் வேகத்தின் கனமடங்காக ஏறும். மணிக்கு 120 கிலோமீட்டரில் ஓடும் காரை 160-க்குக் கொண்டுபோக வேண்டுமானால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய திறன் 2.37 மடங்காகிறது. திறனை இரட்டிப்பாக்கப் பணம் வேண்டும். மட்கார்டைக் கழற்ற ஒரு ஸ்பானர் போதும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களிடம் வெல்டிங்கும் லேத் வேலையும் படிந்திருந்தன. ராணுவக் கழிவுப் பொருள்கள் மலிவாகக் கிடைத்தன. பில் பர்க் என்பவர் 1946-ல் போர் விமானத்தின் உபரி எரிபொருள் தொட்டியை வாங்கி, அதற்குள் எஞ்சினையும் தன்னையும் திணித்துக்கொண்டு ஓட்டினார். காற்றைக் கிழிக்கவென்றே வடித்த நீர்த்துளி வடிவம் ரெடிமேடாகக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்! 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஒரு மாத இதழ் வந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுநாயகம் 1932 ஃபோர்டு. சீட்டுக்கட்டில் இரண்டாம் எண்ணுக்கு 'டியூஸ்' என்று பெயர். ஆண்டின் கடைசி இலக்கத்தை வைத்து இந்தக் காருக்கும் அந்தச் செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. வி8 எஞ்சின் பணக்காரர் வண்டிகளில் மட்டும் இருந்த காலத்தில், எட்டு சிலிண்டர் பிளாக்கையும் ஒரே வார்ப்பில் ஊற்றி, சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் ஃபோர்டு கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான்.

இனி கராஜுக்குள் போவோம்.

பல பத்தாண்டுகள் களஞ்சியத்தில் கிடந்த வண்டி வந்து இறங்கியிருக்கிறது. முதல் எதிரி துரு. பெரிய தகடுகளை மணலடித்துச் சுத்தம் செய்யலாம். சிறு பாகங்களுக்குக் கராஜ்காரர்கள் கையாளும் முறை, பள்ளிக்கூட வேதியியல் பாடத்திலிருந்து நேராக வந்தது. ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர், அதில் சில கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் கட்டித் தொங்கவிடு. பழைய இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையில் கட்டு. இரண்டும் தொடக்கூடாது. சுவிட்சைப் போட்டதும் பாகத்தின் மேலெல்லாம் நுரை பொங்கும், அது ஹைட்ரஜன். ஒரு இரவு கழித்து எடுத்தால், செந்துரு கறுப்புப் படலமாக மாறிப் பிரஷ்ஷுக்கே உதிர்ந்து வரும். நல்ல இரும்பு ஒரு மயிரிழைகூடத் தேயாது. அமிலத்தில் ஊறப்போட்டால் துருவோடு இரும்பும் கரையும். இங்கே அந்தத் தொல்லையில்லை.

ஆனால் சில 'கூடாது'கள் உண்டு. நேர்முனையில் எவர்சில்வர் தட்டைக் கட்டக்கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகித் தண்ணீரில் இறங்கும். வேகமாக நடக்கட்டும் என்று உப்பைக் கொட்டக்கூடாது, குளோரின் கிளம்பும். ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட் போன்றவற்றை இந்தத் தொட்டியில் போடவே கூடாது. ஹைட்ரஜன் அணுக்கள் அந்தக் கெட்டி எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் போல்ட் ஓடும்போது பட்டென்று முறியும். கதவைத் திறந்து வைப்பதும் பீடி பற்றவைக்காததும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுத்தமான சேஸிஸை முக்காலிகள்மேல் தூக்கி வைத்ததும் அந்தப் பழைய சிக்கல் கண்ணுக்குத் தெரியும். இருபுறமும் ஓடும் நீண்ட இரும்புச் சட்டங்கள் பெட்டி வடிவில் இல்லை. தமிழ் 'ப'வைப் பக்கவாட்டில் சாய்த்த வடிவம்; ஒரு பக்கம் திறந்த வாய். அறுத்த குழாயேதான். 65 குதிரைத்திறனுக்கும் அந்தக் காலத்து மண்சாலைக்கும் அது போதும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சட்டமே கொஞ்சம் முறுகிக்கொடுக்கும், வண்டி தாண்டிப் போய்விடும். அதில் 200, 300 குதிரைத்திறனை ஏற்றினால் கதை வேறு. எஞ்சின் உதறும்போதெல்லாம் சட்டம் முறுகும், கதவு இடுக்கு விரியும், தகட்டில் கீறல் ஓடும். சட்டமே ஒரு ஸ்பிரிங்காகிவிட்டால் உண்மையான ஸ்பிரிங்கை எவ்வளவு நேர்த்தியாகச் சரிசெய்து என்ன பயன்?

மருந்து எளிது. 'ப'வின் திறந்த வாய்க்கு ஒரு இரும்புத் தகட்டை வெட்டிப் பொருத்தி வெல்டிங் வைத்து மூடிவிடுவது. 'பாக்ஸிங்' என்கிறார்கள். பலன் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சட்டம் ஆறு அங்குல உயரம், விளிம்பு ஒன்றே முக்கால் அங்குலம், தடிமன் அரைக்கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். தகட்டை மூடியபின் அது வளைவதை எதிர்க்கும் வலு மூன்றில் ஒரு பங்கு போலத்தான் கூடுகிறது. முறுகுவதை எதிர்க்கும் வலுவோ 500 மடங்குக்கு மேல் ஏறுகிறது! குறுக்குச் சட்டங்களும் பாடியும் சேர்ந்த முழு வண்டியில் இவ்வளவு வித்தியாசம் தெரியாதுதான். ஆனால் தனிச் சட்டத்துக்குக் கணக்கு இதுவே.

ஏன் இப்படி? முறுக்கும்போது உலோகத்துக்குள் ஒரு எதிர்விசை ஓடுகிறது. அது சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும். மூடிய குழாயில் அது சுவரோடு சுவராக முழு வட்டமும் சுற்றுகிறது. எதிர்ப்பக்கச் சுவர்கள் இரண்டும் தள்ளி நிற்பதால், நீளமான கைப்பிடியுள்ள ஸ்பானரைப்போல நெம்புகோல் பலம் கிடைக்கிறது. வாயைத் திறந்துவிட்டால் சுற்றும் பாதை அறுந்துபோகிறது. எதிர்விசை அந்த அரைக்கால் அங்குலத் தடிமனுக்குள்ளேயே ஒரு முகத்தில் போய் மறுமுகத்தில் திரும்பியாக வேண்டும். கைப்பிடியே இல்லாத ஸ்பானர்.

சொல்வதற்கு எளிது. செய்யும்போது வெல்டிங் பழிவாங்கும். இரும்பை 100 டிகிரி சூடாக்கினால் ஒரு மீட்டருக்கு 1.2 மில்லிமீட்டர் நீளும். உருகிய இடத்திலோ சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆறும்போது அந்த இடம் சுருங்கி, பக்கத்து இரும்பையும் தன்னோடு இழுக்கும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே மூச்சில் இழுத்தால் நேரான சட்டம் வில்லாக வளைந்து நிற்கும். அதனால் அசையாமல் பிடிக்கும் கெட்டியான சட்டகத்தில் (ஜிக்) இறுக்கிக் கட்டிவிட்டு, இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம், இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று பூத்தொடுப்பதுபோலப் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எதிரெதிர் மூலைகளுக்கு நடுவே டேப் பிடித்து அளப்பார்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால்தான் சட்டம் கோணாமல் இருக்கிறது. நம்மூர்க் கொத்தனார் அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும்போது பார்ப்பதும் இதையேதான்.

இப்போது எஞ்சின். பழைய ஃபோர்டு வி8-ஐ 'ஃபிளாட்ஹெட்' என்பார்கள். வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லை, பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே நிற்கின்றன. அதனால் மேல்மூடி வெறும் தட்டை. அழகான எஞ்சின், மலிவான எஞ்சின். மூச்சு மட்டும் திணறும். காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி வால்வைத் தாண்டி மேலே வந்து, மூடியில் இடித்துத் திரும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு கீழே சிலிண்டருக்குள் இறங்க வேண்டும்.

இங்கேதான் கராஜ் பையன்கள் ஒரு தர்மசங்கடத்தில் மாட்டினார்கள். 1932 எஞ்சினின் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டர் ஆவியை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு, 5.5. ஏட்டுக் கணக்குப்படி எரிபொருளின் வெப்பத்தில் 49 சதவீதம் வேலையாக மாறும். விகிதத்தை 8 ஆக்கினால் 56 சதவீதம். நிஜ எஞ்சினில் இரண்டுமே இதைவிட வெகுவாகக் குறையும் என்றாலும் ஏற்றம் ஏற்றம்தான். விகிதத்தைக் கூட்ட, மூடியை லேத் பட்டறையில் கொடுத்துச் சீவி, எரியறையைச் சிறிதாக்கினால் போதும். ஆனால் வால்விலிருந்து சிலிண்டருக்கு ஆவி போகும் பாதையும் அதே மூடிக்கு அடியில்தான் இருக்கிறது. மூடியைத் தாழ்த்தத் தாழ்த்தப் பாதை குறுகும். அழுத்தத்தைக் கூட்டினால் மூச்சு அடைக்கும், மூச்சைத் திறந்துவிட்டால் அழுத்தம் குறையும்.

சூடு இன்னொரு தலைவலி. எரிந்த புகை வெளியேற வேண்டிய வழி பிளாக்கின் ஊடாக, குளிர்நீர் அறைகளை உரசிக்கொண்டு போகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒரே வாசல். எட்டு சிலிண்டர் புகையும் தண்ணீரைக் காய்ச்சிவிட்டுத்தான் வெளியே போகும். பெரிய ரேடியேட்டர் வைக்காத ஃபிளாட்ஹெட் கார் கோடையில் போக்குவரத்து நெரிசலில் நின்றால் கொதிக்கும் என்பது அதன் ஜாதகம்.

எஞ்சினுக்கு இன்னும் மூச்சு வேண்டுமென்று விக் எடல்ப்ராக் போன்றவர்கள் ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர் பொருத்தும் மேனிஃபோல்டுகளை வார்த்தார்கள். எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைப் புது வடிவில் சாணை பிடித்தார்கள். சிக்னலில் நிற்கும் ஹாட் ராட் 'தடக்… தடக்… தடதடக்' என்று நொண்டிக்கொண்டு உறுமுவது இந்தக் கேம் ஷாஃப்டால்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது ஆவியை உள்ளிழுக்கும் வீச்சுக்குக் கிடைக்கும் நேரம் 7.5 மில்லி விநாடி. ஆவிக்கும் எடை உண்டு. நின்ற பஸ் நகர நேரம் எடுப்பதுபோல அதுவும் தயங்கும். ஆகவே உள்வால்வை முன்கூட்டியே திறந்து, தாமதமாக மூடுகிறார்கள். புகைவால்வு மூடுவதற்குள் உள்வால்வு திறந்துவிடும். அதிவேகத்தில் இது வரம். நின்றபடி மெதுவாகச் சுற்றும்போது புகை திரும்பிப் புது ஆவியோடு கலந்துவிடுகிறது. ஒரு சிலிண்டர் எரியும், அடுத்தது பாதி எரியும். நொண்டல் கேட்பவர் காதுக்கு இசை, எஞ்சினுக்கு இருமல்.

1955-ல் செவ்ரலே வால்வுகளை மூடிக்குள் வைத்து, 265 கன அங்குலத்தில், 162 குதிரைத்திறனில் ஒரு சின்ன வி8-ஐ வெளியிட்டது. ஃபிளாட்ஹெட்டோடு பதினைந்து வருடம் மல்லுக்கட்டிப் பெற்ற திறனை அது பெட்டியைப் பிரிக்கும்போதே கொடுத்தது. அன்றிலிருந்து பல ஃபோர்டு ஹாட் ராட்களின் வயிற்றில் இருப்பது செவ்ரலே. பழைமைவாதிகள் இதைத் துரோகம் என்பார்கள். நான் என்ன சொல்ல! ரேடியேட்டர் கொதிக்காமல் வீடு சேர்வதும் ஒரு நற்பண்புதான்.

வண்டியைத் தாழ்த்துவது அடுத்தது. முன் ஆக்ஸிலின் இரு முனைகளையும் பழுக்கக் காய்ச்சி இழுத்து வளைத்தால் நடுப்பகுதி நாலு அங்குலம் கீழே இறங்கும். பின்னால் பெரிய டயர், முன்னால் சின்ன டயர். பாயப்போகும் ஜல்லிக்கட்டுக் காளைபோல வண்டி தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கையை விட்டாலும் சக்கரம் நேராக ஓட அந்தச் சாய்வு உதவுகிறது. இந்தக் கார்களின் முன் ஆக்ஸிலுக்கும் ஐந்தாறு டிகிரி பின்சாய்வு தேவை. முன்-பின் ஆக்ஸில்களுக்கு இடையே 106 அங்குலம் (வீல்பேஸ்) கொண்ட காரில் முன்பக்கத்தை நாலு அங்குலம் இறக்கி, பின்பக்கத்தை இரண்டு அங்குலம் ஏற்றினால் வண்டி மொத்தமும் மூன்று டிகிரிக்கு மேல் முன்னால் கவிழ்கிறது. பாதிச் சாய்வு காணாமல் போயிற்று! நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் கைக்குள் நடனமாடும்போதுதான் பலருக்கு இது உறைக்கும்.

தூண்களை அறுத்துக் குறைத்துக் கூரையைத் தாழ்த்துவதும் அப்படியே. தூண்கள் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போக உள்பக்கம் சாய்கின்றன. ஒரு பூந்தொட்டியின் நடுவில் மூன்று அங்குல வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு மேல்பாதியைக் கீழ்ப்பாதிமேல் வைத்துப் பாருங்கள், விளிம்புகள் சேராது. அந்தச் சேராத இடத்தில் டிங்கரிங்காரரின் பல வாரங்கள் கரையும்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. 1938 வரை ஃபோர்டு கார்களில் பெடலிலிருந்து சக்கரத்துக்கு இரும்புக் கம்பிகள்தான் இழுத்தன. கிரைஸ்லர் 1924-லேயே ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறிவிட்டது. ஃபோர்டு 1939-ல்தான் மாறியது. கம்பியில் ஒன்று தளர்ந்தால் ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், வண்டி ஒருபக்கம் இழுக்கும். அடைத்த எண்ணெயில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமம் என்ற பாஸ்கல் விதி நாலு சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் நியாயம் வழங்குகிறது. 1939-க்குப் பிந்திய ஃபோர்டு பிரேக்குகளைக் கழற்றி 1932 காரில் மாட்டுவது அந்தக் காலத்தில் ஹாட் ராட்காரர்களின் கட்டாய வழக்கமானது. ஒரு டன் வண்டியை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து நிறுத்தினால் பிரேக்கில் எழும் வெப்பம் 386 கிலோஜூல். ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை டீக்கடைப் பாய்லர்போலக் கொதிக்க வைக்கப் போதும். வேகத்தை இரட்டித்தால் இது நாலு மடங்கு.

இன்று '1932 ஃபோர்டு'க்கு அன்றைய ஃபோர்டு பாகம் ஒன்றுகூடத் தேவையில்லை. பாடித் தகடு புதிதாக அச்சடித்துக் கிடைக்கிறது, சேஸிஸும் பாக்ஸிங் செய்தே வருகிறது. கராஜில் பழைய சட்டத்தோடு மல்லாடுகிறவர்கள் அந்த மல்லாட்டத்துக்காகவே அதைச் செய்கிறார்கள். இப்படி ஒரு வண்டியை எங்காவது கண்காட்சியில் பார்க்க நேர்ந்தால், பளபளக்கும் எஞ்சினுக்கு முன்னால் செல்ஃபி எடுப்பது இருக்கட்டும். குனிந்து அடியில் பாருங்கள். சட்டத்தின் உட்பக்கம் 'ப' இன்னும் வாயைத் திறந்துகொண்டிருந்தால், மேலே 300 குதிரைகள் கட்டியிருந்தால், ஓட்டுபவர் லிஃப்ட் தருகிறேன் என்றாலும் ஏறாதீர்கள்.